இரண்டு பத்து முதல் இரண்டு பதினெட்டு வரை

இது கதையில்லை. 2012 அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஓட்டு வீட்டுக்குள் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மலர்க்கொடியே முதலில் நம்பவில்லை. ஆனால் அவள் நேரத்தைப் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். அதுதான் இன்றுவரை அவளைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது.

அவள் புருஷன் ராஜவேல் பெயிண்டர். முப்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடமாகப் பெயிண்ட் வாசனையையும் அதைக் கரைக்கிற டர்பன்டைனையும் இழுத்து இழுத்து, அவன் மூச்சின் முடிவில் ஒரு சின்ன விசில் சேர்ந்துவிட்டது. மூச்சை விட்டு முடிக்கும்போது ‘வீய்...’ என்று கேட்கும். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு அது கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை. பிள்ளையில்லாத வீடு. விளக்கணைத்த பிறகு அங்கே வேறு சத்தம் கிடையாது.

மூன்று வருடம் முன்பு ராஜவேல் சிதம்பரத்து மருத்துவக் கல்லூரிக்கு வெள்ளையடிக்கப் போனான். பிணத்தை வைத்துப் பாடம் நடத்துகிற கூடம். ஒன்பது நாள் வேலை. கடைசி நாள் வரும்போது சட்டைப் பையில் உடல் தானத்துக்கான விண்ணப்பப் பாரம் ஒன்று இருந்தது.

“ஒரு ஒடம்பச் சுத்தி இருவது பிள்ளைங்க நிக்குது மலரு. பின்னாடி நிக்கிறது எட்டி எட்டிப் பாக்குது, ஒண்ணும் தெரியல. பாவமா இருந்திச்சி. செத்தா நான் போயி படுத்துக்கறேன்னு எழுதிக் குடுக்கப் போறேன்.”

“பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு?”

“ஒம்பதாவது பெயிலானவன் டாக்டருக்கு வாத்தியாரு. கசக்குதா உனக்கு?”

அவள் சிரித்துக்கொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கொடுத்தது போக ஒரு நகலை பீரோவில் வைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

வியாழக்கிழமை காலை, மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் வேலை. ஏணியிலிருந்து இறங்கி, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பாண்டிச்சேரி போகிற வழியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சோதித்துவிட்டு, மூளை இறந்துவிட்டது என்றார்கள். இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவாகச் சொல்வார்களாம்.

“மூச்சு விடறாரே...” என்றாள் மலர்க்கொடி.

“அவரு விடலம்மா. மெஷின் விடுது.”

சொன்னவள் எழிலரசி. உறுப்பு தானம் பற்றிக் குடும்பங்களிடம் பேசுவதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் இருந்த பெண். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். ரெண்டு கிட்னி, ஈரல், இதயம். நாலு பேர் பிழைப்பார்கள். ஆனால் அதையெல்லாம் எடுத்துவிட்டால் கல்லூரியில் உடம்பை வாங்க மாட்டார்கள். கண் மட்டும் எடுத்தால் வாங்குவார்கள்.

“ரெண்டுல ஒண்ணுதாம்மா. அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க.”

ராஜவேலின் அக்கா தைலம்மாள் வராண்டாவிலேயே கத்தினாள். “எந்தம்பிய இன்னா கூறு போட்டுப் பங்கு வெக்கிறீங்களா? முழுசாக் குடுங்க, நான் கொண்டுபோயி எரிச்சிக்கறேன்!”

அவன் எழுதிக்கொடுத்தது ஒன்று. நாலு உயிர் இன்னொன்று. அவன் கையெழுத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், தெளிவு வந்துவிடும் என்று மலர்க்கொடிக்குத் தோன்றியது. தன் தம்பி இளவரசுவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டுப் பூட்டைத் திறந்தபோது மணி இரண்டு ஐந்து. கரண்ட் இல்லை. உள்ளே டர்பன்டைன் வாசனை. பெயிண்டர் வீடு, வாசனை இருக்கும்தான். ஆனால் இது பழைய வாசனை இல்லை. இப்போதுதான் யாரோ கை கழுவியது போல... ஈரமாக.

நடுக்கூடத்தில் பாய் விரித்திருந்தது.

நேற்றுக் காலை அவள்தான் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். நன்றாக நினைவிருந்தது.

செல்போன் அடித்தது. இளவரசு. மணி இரண்டு ஒன்பது.

“அக்கா, பேப்பர் கெடச்சிதா?”

“இப்பதாண்டா உள்ள வந்தேன். மாமா எப்படி இருக்காரு?”

“தெரியலக்கா. டாக்டருங்க உள்ள போனாங்க. என்னய வெளிய போவச் சொல்லிட்டாங்க.”

போனை வைத்தாள். பீரோவைத் திறந்தாள். புடவைக்கு அடியில் பாரத்தின் நகல் இருந்தது. கோணல் கையெழுத்து. ரா. ராஜவேல். அதன்மேல் விரலை வைத்தாள்.

பின்னால் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ஸ்... வீய்.

அவள் திரும்பவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

ஸ்ஸ்ஸ்... வீய்.

ஓட்டுக்குள் எலி இருக்கும் என்று நினைத்தாள். கதவிடுக்கில் காற்று என்று நினைத்தாள். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

ஸ்ஸ்ஸ்... வீய்.

பாயிலிருந்து வந்தது.

திரும்பினாள். பாயில் யாரும் இல்லை. பாயோரம் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். தொடப் பயமாக இருந்தது. தொடாமலிருக்கவும் முடியவில்லை.

பாய் சூடாக இருந்தது.

ஆள் படுத்த சூடு.

“ஏங்க...”

ஸ்ஸ்ஸ்... வீய்.

“வலிக்கிதாங்க?”

ஸ்ஸ்ஸ்... வீய்.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. எவ்வளவு நேரம் அழுதாளோ. அவன் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தான். பிறகு பாரத்தைப் பாயின்மேல் வைத்தாள்.

“நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தெரியல. சிதம்பரத்துக்கே போறீங்களா? அந்தப் பிள்ளைங்ககிட்டயே போறீங்களா?”

ஸ்ஸ்ஸ்... வீய்.

“இல்ல... நாலு பேருக்குக் குடுத்துடவா?”

ஸ்ஸ்ஸ்...

மூச்சு உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

காத்திருந்தாள்.

விசில் வரவில்லை.

கையின் கீழே பாய் குளிர்ந்துகொண்டே போனது.

நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பதினெட்டு.

அதுதான் அவன் பதில் என்று எடுத்துக்கொண்டாள். கேட்டதும் நிம்மதியாகிவிட்டான், போய்விட்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, நாலரை மணிக்கு உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை கெடிலம் ஆற்றங்கரையில் எரித்தார்கள். தைலம்மாள்கூடக் கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எழிலரசி வந்திருந்தாள். நாலு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றாள். மலர்க்கொடி அவளைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

“கடைசீல அவருக்கு வலி கிலி ஏதாவது இருந்திருக்குமா?”

“சத்தியமா இல்லம்மா. ரெண்டாவது தடவ பாக்கும்போது நானும் பக்கத்துல நின்னேன். மெஷினக் கழட்டிட்டு, தானா மூச்சு வருதான்னு பாப்பாங்க. ஒடம்புக்கு ஆக்சிஜன் மட்டும் போய்க்கிட்டு இருக்கும். முழுசா எட்டு நிமிஷம். நெஞ்சு ஒரு நூலளவு அசையல. அசஞ்சிருந்தா உங்ககிட்ட கையெழுத்தே கேட்டிருக்க மாட்டோம்.”

“எத்தன மணிக்கி?”

எழிலரசி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். “குறிச்சி வெச்சிருக்கோம்மா. ரெண்டு பத்துக்குக் கழட்னாங்க. ரெண்டு பதினெட்டுக்கு மெஷினத் திரும்ப மாட்டிட்டாங்க.”

மலர்க்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இன்னும் ஒரு நிமிஷம் மாட்டாம இருந்திருந்தா... சொல்லி முடிச்சிருப்பாரா?”

எழிலரசிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.