நான் போட்ட ஒன்பது மார்க்

"அம்மா, இந்தப் படத்துல நம்ம தாத்தா வீடு எது?"

என் மகள் இதைக் கேட்டுப் பத்து நாள் ஆகிறது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மழை ஏன் பெய்கிறது, பல்லி ஏன் கீழே விழுவதில்லை என்று எதைக் கேட்டாலும், தெரியாவிட்டால் தேடிப் பார்த்தாவது பதில் சொல்லிவிடுவேன். இதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அன்று ஒன்று சொன்னேன். அது பொய்.

நாங்கள் அவனியாபுரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வந்து இரண்டரை வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் ஐந்து வீட்டுப் பெண்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வீட்டில் கூடிப் படம் பார்ப்போம். யார் முறையோ அவர்தான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தின்பதற்கும் அவரே ஏதாவது செய்ய வேண்டும். படம் முடிந்ததும், கிழித்துப்போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்து, ஏன் அந்த மார்க் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்து போக முடியாது. இந்த விதியைப் போட்டவர் எதிர்வீட்டு அக்கா.

அக்காவுக்குத் திருமங்கலம் பக்கம். தோட்டமும் வயலும் உள்ள குடும்பம். சினிமா என்றால் உயிர். எந்தப் படத்தில் எந்தப் பாட்டுக்கு முன்னால் யார் அழுவார்கள் என்பது வரைக்கும் சொல்லுவார். எனக்கு இரண்டாவது பிரசவம் ஆனபோது ஆறு நாள் என் மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைப் படித்துவிட்டு அவரை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

அந்த ஞாயிறு அக்காவின் முறை. பழைய படம் ஒன்றைப் போட்டார். ஊர்ப் பெரியவர், தூண் வைத்த பெரிய வீடு, அவர் சொன்னால் மறுபேச்சு இல்லாத ஊர். ஒரு காட்சியில் கூலிக்காரர் ஒருவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, மகள் கல்யாணத்துக்கு நெல் கேட்கிறார். பெரியவர் வண்டி நிறைய ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டு ஒரு வசனம் பேசுகிறார். சரியாக அந்த நேரத்தில், பக்கத்து விமான நிலையத்தில் இறங்கும் விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேலே போனது. ஒன்றும் கேட்கவில்லை.

"ஏய், இந்த வசனத்தக் கேக்காம விட்டா படம் பாத்ததுக்கே அர்த்தமில்ல" என்று அக்கா ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார்.

ஆகவே அந்தத் துண்டு இரண்டாம் தடவையும் தோளிலிருந்து இறங்கியது.

"இந்தா பாரு, எங்க தாத்தா வீடு அப்படியே இப்படித்தான் இருக்கும். இதே தூணு, இதே படி. எங்க தாத்தாவும் கேட்டவுகளுக்கு இல்லன்னு சொன்னதே இல்ல" என்றார் அக்கா. அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவள் எழுந்து நின்று, "எங்க வீடு, எங்க வீடு!" என்று டிவியைத் தொட்டுக் காட்டினாள்.

அப்போதுதான் என் மகள் கேட்டாள்.

என் தாத்தா எழுமலைப் பக்கம் அப்படிப்பட்ட ஒரு வீட்டாரின் வயலில் ஆயுசு முழுக்கக் கூலி வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் படியில் அவர் கால் வைத்ததில்லை. வைக்க விடவில்லை. என் அப்பா படித்து அரசாங்க வேலைக்குப் போனார். பிறகு அதே ஊரில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். இதையெல்லாம் சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நான்கு பெண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வது?

"நம்ம தாத்தா வீடெல்லாம் சினிமாவுல வராது பாப்பா" என்றேன்.

"ஏன் வராது?"

சுண்டலை அள்ளி அவள் வாயில் வைத்தேன்.

ஆனால் வந்தது. அடுத்து வந்த முதல் பாட்டில் பெரியவரின் வண்டி போகும்போது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலைந்து குடிசைகள் தெரிந்தன. மூன்று விநாடி இருக்கும். நான் பார்த்தேன். விரலை நீட்டியிருக்கலாம்.

மார்க் போடும்போது மாடிவீட்டுப் பெண் அஞ்சு போட்டாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், ஆனால் வாயாடி.

"ஹீரோயினுக்கு வேலையே இல்லக்கா. காபி குடுக்குறா, அழுகுறா. திரும்பக் காபி குடுக்குறா. அதான் அஞ்சு."

"அஞ்சா! உனக்கெல்லாம் வெட்டுக்குத்து இருந்தாத்தாண்டி படம்."

"இப்ப ஒண்ணு வந்துச்சுல்லக்கா, ஊருக்குள்ள செருப்புப் போட்டு நடக்க விடமாட்டேங்குற கத, அதப் பாருங்க. அதுக்கு நான் பத்து போடுவேன்."

"அதையெல்லாம் எவ பாப்பா? இப்ப வர்றதெல்லாம் சண்டைய மூட்டி விடுறதுக்குன்னே எடுக்குறாங்க. அப்ப எம்புட்டு ஒத்துமையா இருந்திருக்காங்க, பாத்தேல்ல?" கடைசிக் கேள்வி என்னைப் பார்த்து.

அவர்கள் பேசும் அந்தப் புதுப் படத்தை நான் பார்த்திருந்தேன். சின்னவனுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனில் நான்கு நாளாகத் துண்டு துண்டாகப் பார்த்தேன். அதிலும் ஒரு பெரிய வீட்டு வாசல் வருகிறது. கேமரா வெளியே நிற்பவனின் முதுகுப் பக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனேன். இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

என் தாளில் 4 என்று எழுதியிருந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 4-இன் திறந்திருந்த மேல்பக்கத்தைப் பேனாவால் மூடினேன். 9 ஆகிவிட்டது. என் மகள் தாளைப் பிடுங்கி, "அம்மா ஒம்பது!" என்று படித்தாள். எண்களைப் படிப்பதில் அவளுக்கு இப்போது அத்தனை பெருமை.

"பாத்தியாடி, படிச்ச புள்ள. நல்ல படத்தோட அரும அதுக்குத் தெரியுது" என்று அக்கா மாடிவீட்டுப் பெண்ணின் தலையில் தட்டினார். காரணம் கேட்டபோது, பாட்டு நன்றாக இருந்தது என்றேன்.

இதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். நேற்று செவ்வாய் சாயங்காலம் பிள்ளைகள் இருவரும் எங்கள் வாசலில் விளையாடினார்கள். அக்கா மகள் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். என் மகள் குளியல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து, "அய்யா, கொஞ்சம் நெல்லு" என்றாள். இரண்டு தடவை பார்த்ததில் அச்சு அசலாகப் பிடித்து வைத்திருந்தாள். அக்கா எதிர்வாசலில் நின்று சிரித்தபடி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ நாற்காலியில உக்காருடி, மாத்தி மாத்தி விளையாடுங்க" என்றேன்.

"வேணாம்மா. பெரிய வீடு அவ தாத்தா வீடுல்ல? நான் கும்புட்டாத்தான் எல்லாரும் சிரிக்கிறாங்க."

துணி காயப்போடுவதாகச் சொல்லித் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்பா உற்சாகமாகிவிட்டார். "அந்தப் படமா தாயி! எழுமலைக் கொட்டகையில ஏழு தடவ பாத்தேன். அந்த நெல்லு குடுக்குற சீனுக்கு நான் அடிச்ச விசிலு இருக்கே!"

"நீங்க அந்தப் பெரியவருக்கா விசில் அடிச்சீங்க?"

"தரையில உக்காந்து பாக்குறப்ப அவருதான் நம்மன்னு தோணும்மா. வெளிய வந்தாத்தான் நம்ம யாருன்னு ஞாவகம் வரும்" என்றார். புதுப் படத்தைப் போடட்டுமா என்றதற்கு, "உனக்கு எதுக்குத்தா வம்பு? நல்லா இருக்குறவுகளோட நல்லா இரு" என்று போனை வைத்துவிட்டார்.

அப்பாவிடம் அப்படிக் கேட்டதற்குக் காரணம், வரும் ஞாயிறு என் முறை. இன்று புதன்.

என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து சாப்பிடும்போது சொன்னேன். "போட்டுவிடு. பாக்கட்டும்" என்றார்.

"ஞாயித்துக்கெழம நீங்க இருக்க மாட்டீங்க. நான்தான் அவுக மூஞ்சியப் பாக்கணும்."

"அப்பப் போடாத."

அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நானாக எதையோ பெரிதுபடுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. குடிவந்த புதிதில் அக்கா, "எழுமலையில எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "பஸ் ஸ்டாண்டு பக்கம்க்கா" என்றேன். அதன்பின் அவர் கேட்கவே இல்லை. புரிந்துகொண்டு விட்டுவிட்டாரா, புரியவே இல்லையா? புரிந்தும் என் பிள்ளைக்கு ஆறு நாள் சோறு ஊட்டினார் என்றால், அவரை உட்காரவைத்து அந்தப் படத்தைப் போடுவது நியாயமா? புரியாமல் ஊட்டினார் என்றால், புரிந்தபிறகு?

இன்று காலை பால் வாங்கும்போது அக்கா கேட்டார். "என்ன படம் போடப் போற? சொல்லு, அதுக்குத் தக்கன பஜ்ஜியா வடையான்னு நானும் வந்து கூடமாட செய்வேன்ல."

"காமெடிப் படம் ஏதாச்சும் பாக்குறேன்க்கா" என்றேன். வீட்டுக்குள் வந்த பிறகு, அந்தப் பதிலும் 4-ஐ 9 ஆக்கியது போலத்தான் என்று பட்டது. அப்போதிருந்து அடுப்பில் பால் பொங்குவதுகூட என் கவனத்தில் இல்லை. ஒரு தடவை பொங்கி வழிந்தும்விட்டது.

நிறையப் படம் பார்க்கிறவர்கள், பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதுப் படத்தைப் போடலாமா? போட்டால் என் மகளை மடியில் வைத்துக்கொள்ளவா, விளையாட அனுப்பிவிடவா? அல்லது யாரையும் கூப்பிடாமல், நானும் அவளும் மட்டும் அந்தப் பழைய படத்தின் முதல் பாட்டை ஓடவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரியும் குடிசைகளில் நிறுத்தி, இதுதான் என்று காட்டட்டுமா? ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைக் காட்டிவிட்டு, அடுத்த வார்த்தை என்ன சொல்ல வேண்டும்? உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? சனிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.