ஊதாக் கோடு

சோதனைப் பட்டை செய்யும் தொழிற்சாலையில் எல்லோரும் அவரைச் செவப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வந்தது வேலையால். கர்ப்பம் பார்க்கும் பட்டையில் விழுகிற சிவப்புக் கோடு சாயமல்ல, தங்கம். கண்ணுக்கு எட்டாத பொடியாகத் தண்ணீரில் மிதக்கும்போது தங்கம் மஞ்சளாக இருக்காது, செக்கச்செவேலென்று இருக்கும். துகள் பருத்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ ஊதாவாகும், பிறகு நீலம். ஆண்டவன் ஒரே பொருளுக்குள் இத்தனை நிறத்தை ஏன் ஒளித்துவைத்தானோ என்று அக்கா வியப்பார். நிறம் பிசகிய பட்டையை ஒதுக்குவதே அவர் வேலை. "நாம பணக்காரிங்கடி, தங்கத் தண்ணியில கை கழுவுறோம்" என்று பக்கத்து மேசைக்காரி கிண்டலடிப்பாள்.

மகளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. வயிற்றில் ஒரு புழு பூச்சி கிடையாது. இந்த முறை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவள் தாய்வீடு வந்தாள். அக்கா மேற்பார்வையாளரிடம் கேட்டு, புதிதாகச் செய்துவந்த பட்டைக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு பட்டை கொண்டுவந்தார். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஊதா. கண் சொன்னதை மனசு கேட்கவில்லை.

"செவப்புதான் கண்ணு," என்றார்.

மகள் அந்த நிமிஷமே மாமியாருக்குப் போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் தெரிந்தது, அந்தக் கட்டுப் பட்டைகளில் தங்கத் தண்ணீர் கெட்டிருந்தது. துகள்கள் திரண்டு, மேலே ஓட முடியாமல் நடுவழியில், இரண்டாவது கோடு விழும் இடத்திலேயே தங்கிவிட்டன. வெறும் தண்ணீரை விட்டாலும் இரண்டு கோடு விழுந்தது. மொத்தத்தையும் கொட்டச் சொன்னார் மேற்பார்வையாளர்.

நல்ல பட்டை ஒன்றோடு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ நேத்து நீ சரியா பாக்கலையா?" என்றாள் மகள்.

"பாத்தேன் கண்ணு. ஊதான்னு தெரிஞ்சுது. சொல்ல வாய் வரல."

மகள் பட்டையை வாங்கிக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்தினாள். வெளியே நின்றவருக்கு என்ன கேட்டு வேண்டுவதென்று தெரியவில்லை. ஆண்டவனே, ஆண்டவனே என்பதோடு நின்றுபோனது.

மகள் வெளியே வந்து பட்டையை நீட்டினாள். பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் ஒற்றைக் கோடு மட்டும், பளிச்சென்ற சிவப்பில். இன்னொரு தரம் பாரும்மா என்றாள் மகள். விளக்கடியிலும் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணுதான்."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாமியார் வீட்டாரிடம் தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

அக்கா போனை எடுத்தார். சம்பந்தியம்மாள் குரலில் சந்தோஷம் வழிந்தது. மருமகளுக்கு வாய்க்குப் பிடித்ததாகச் சமைத்துப் போடுகிறீர்களா என்று விசாரித்தார். அவர் பேசி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார்.

"சம்பந்தியம்மா, அவளை ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. அந்தக் கோடு பொய். தெரிஞ்சே செவப்புன்னு சொன்னது நான்."