ஆகாருக்காக அழுதவர்கள்

புஷ்பவல்லியை யாராவது கெட்டவள் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் அவளுக்கு அடுத்த கதவு. நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தவள்.

புருஷன் தண்டவாள வேலையில் செத்துப்போனதும் அவள் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் ஜெயராஜ் கிராணி வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். அவர் எங்கள் வேதக்கோயிலில் மூப்பரும்கூட. அவர் மனைவி ரூபியம்மாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லை. ஒருநாள் அந்த அம்மாளே புஷ்பவல்லியையும் சாட்சிக்கு என்னையும் உட்காரவைத்து, "நீ அவருக்கு ஒரு பிள்ளையைப் பெத்துக் குடு. எங்க பிள்ளையா ஞானஸ்நானம் குடுத்து வளர்க்கிறோம். நீயும் கடைசிவரைக்கும் இங்கேயே இருந்துக்கோ" என்று வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். போக்கிடமில்லாதவள் என்ன சொல்வாள்? தலையை ஆட்டினாள்.

பாலன் பிறந்தான். ரூபியம்மா அவனை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதற்குள் அவளே முழுகாமல் இருந்தாள். தன் வயிற்றில் ஒன்று பிறந்ததும் பாலனை அடுப்படிக்கு அனுப்பிவிட்டாள். ஞானஸ்நானப் பேச்சும் அதோடு நின்றது. சீ, இதெல்லாம் ஒரு மனுஷ ஜென்மமா!

பாலன் ஓடியாடும் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஆகாரைப் பற்றிப் பிரசங்கித்தார். ஆகார், சாராளின் அடிமைப்பெண். பிள்ளைக்காகச் சாராளே அவளைத் தன் புருஷன் ஆபிரகாமுக்குக் கொடுத்தாள். தனக்கென்று ஒரு மகன் பிறந்ததும் ஆகாரையும் அவள் பிள்ளையையும் வனாந்தரத்துக்குத் துரத்தவைத்தாள். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளை சாவதைப் பார்க்க முடியாமல் ஆகார் தூரப் போய் உட்கார்ந்தாள் என்று அவர் சொன்னபோது கோயில் முழுக்க விசும்பல். எல்லாரையும்விட அதிகம் அழுதது ரூபியம்மாதான்.

புஷ்பவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "அக்கா, அம்மா மனசு இளகிடுச்சு, பாருங்க."

பைத்தியக்காரி! ஆகாருக்காக அழுகிறவர்கள் தனக்காகவும் அழுவார்கள் என்று நம்பிவிட்டாள். கோயில் விட்டதும் எல்லார் முன்னாலும் ரூபியம்மாவிடம் போய் நின்றாள்.

"நீங்க அழுததைப் பாத்தேம்மா. நம்ம பாலனுக்கும் ஞானஸ்நானம் குடுத்துடுங்கம்மா."

ரூபியம்மாவுக்கு முகம் கறுத்தது. "நம்ம பாலனா? எவனுக்குப் பெத்தியோ, எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

ஜெயராஜ் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். ஆகாரை அனுப்பும்போது ஆபிரகாமுக்காவது மனசு வலித்தது. இந்த ஆளுக்கு வெயில்தான் பெரிசு.

மறுநாள் காலையில் தாயையும் பிள்ளையையும் கேரி தீவு ரப்பர் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ரூபியம்மாவிடமே போய், "நேத்து கோயில்ல யாருக்கும்மா அழுதீங்க?" என்று கேட்டேன்.

"அது வேதம். இது குடும்பம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்துதான் நான் கிள்ளான் வழியாகக் கேரி தீவுக்குப் போக முடிந்தது. காய்ச்சலில் பாலன் போய்விட்டான். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மண்மேட்டைக் காட்டினாள் புஷ்பவல்லி. அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அக்கா, அன்னைக்கு அழுத அழுகையில மிச்சக் கதை எனக்குக் காதுல விழல. அந்த ஆகாரோட பிள்ளை பொழைச்சுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பொழைச்சுது. கர்த்தர் தண்ணி காட்டினார்" என்றேன்.

"அப்ப அது ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையா இருக்கும்" என்றாள்.