வரிசை தப்பிய வஞ்சம்

கட்டிங் மாஸ்டருக்கு மறதி கிடையாது. தையற்கடையில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் துணி வெட்டியவர். எந்த வாடிக்கையாளருக்கு எந்தத் தோள் இறக்கம் என்று கேட்டால், இழுத்து இழுத்துச் சொல்வாரே தவிர, தப்பாகச் சொல்ல மாட்டார்.

போன மாதம் ஒரு கோட்டுக்குக் கை வெட்டினார். ஒரு கையை வெட்டியபின், துணிமேல் வைத்த அளவு அட்டையைத் திருப்பிப் போட்டு மறுகையை வெட்ட வேண்டும். அந்த ஒரு படி விட்டுப்போனது. இரண்டும் இடக்கையாகவே வந்து நின்றன.

கடை முதலாளி அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் போய்த் தொலைகிறான் என்று மாஸ்டர் விட்டிருப்பார். அந்தப் பாவியோ இரண்டு கைகளையும் வாசல் பலகையில் குத்தி மாட்டினான். "எங்க மாஸ்டருக்கு ரெண்டுமே இடக்கைங்க!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரித்தான். மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

மனைவி டாக்டரிடம் அழைத்துப்போனாள். ஸ்கேன் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"பல வருஷத்துப் பிரஷர். மூளைக்குள்ள இருக்கிற ரொம்பச் சின்ன ரத்தக்குழாய்ங்க கெட்டுப்போயிருக்கு," என்றார் டாக்டர். "ஞாபகம் பெரும்பாலும் இருக்கும். வேகம் குறையும். எதுக்கப்புறம் எதுங்கிறதுதான் குழம்பும். பிரஷரைக் கட்டுக்குள்ள வெச்சா மேல மோசமாகாம பார்க்கலாம்."

பார்க்கலாமாம்! மாஸ்டருக்கு அவசரம் வந்துவிட்டது. பழி தீர்க்கிற சாமர்த்தியம் மிச்சமிருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் மாஸ்டரே வரைந்து வெட்டிய அளவு அட்டைகள் இருநூறு, கடைச் சுவரில் கயிற்றில் கோத்துத் தொங்கின. மச்சான் அவற்றை வைத்துத்தான் பிழைக்கிறான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், பழைய சாவியால் கடையைத் திறந்து உள்ளே போனார். கத்தரிக்கோலை எடுத்தார். அதோடு நின்றுவிட்டார். கதவைச் சாத்துவதா, அட்டையை இறக்குவதா, கயிற்றை அறுப்பதா? மச்சான் சிரித்த சிரிப்பு பல் பல்லாக ஞாபகம் இருந்தது. அடுத்து என்ன செய்வது என்பதுதான் பிடிபடவில்லை. ஆத்திரத்தில் கண்ணில் நீர் வந்தது.

பின்னால் மனைவி நின்றாள். சாவி காணோம் என்றதும் விரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"தடுக்காதே. உன் தம்பின்னு பார்க்காதே."

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கட்டின புருஷனை ஊர் சிரிக்க வெச்சவன் எனக்கென்ன தம்பி? இடது ஓரத்துல இருக்கிறதை இறக்குங்க."

இறக்கினார். "அப்புறம்?"

"ரெண்டா வெட்டுங்க."

வெட்டினார். "அப்புறம்?"

"அடுத்த அட்டை. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க கையை மட்டும் நிறுத்தாதீங்க."