தேருக்குப் போட்ட கட்டை

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் ஊர்ப் பையன்களும் மலைப் பையன்களும் அடித்துக்கொண்டார்கள். அமைதிக் கூட்டத்தில் பேச, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒற்றுமையைப் பற்றி நன்றாகவே பேசினேன். இந்தப் பகை எங்கே தொடங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைத் தொடங்கி வைத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சந்தவாசலுக்கு மேற்கே, ஜவ்வாது மலையடியில் எங்கள் ஊர். அம்மன் தேருக்கு மரம் மலையிலிருந்து வந்ததால், தேர் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை போடும் உரிமை மலைக்காரர்களுக்கு. வருஷம் முழுக்க அவர்களைத் தெருவிலேயே நிறுத்திப் புளியும் சாமையும் வாங்கும் எங்கள் ஆட்கள், அந்த ஒரு நாள் அவர்கள் சொன்னால்தான் வடத்தைத் தொடுவார்கள். என் சித்தப்பாவுக்கு அது பொறுக்காது.

அந்த வருஷம் தேர் மேட்டில் நின்றது. முன்னால் சிலம்பாட்டம். எனக்கு ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. வடத்தை இழுத்துப் பிடித்திருந்ததால் பின்சக்கரத்துக் கட்டை நான் இழுத்ததும் லேசாக வந்துவிட்டது. அதைச் சுவரோரமாகப் போட்டு ஏறி நின்று பார்த்தேன். ஆட்டம் சூடுபிடித்ததும் வடம் பிடித்தவர்களின் பிடி தளர்ந்தது. தேர் பின்னால் உருண்டது.

பின்னால் பெண்களும் பிள்ளைகளும். கட்டை போடும் மலைக்காரர் ஓடிவந்து வேறொரு கட்டையைக் கையாலேயே சக்கரத்தடியில் திணித்தார். தேர் நின்றது. அவருடைய இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின.

"குடிச்சிட்டு வந்து தேரத் தொட்டா இப்டித்தான் ஆவும்! போட்ட கட்டை எங்கடா?" என்று சித்தப்பா கத்தினார்.

"ரெண்டு பக்கமும் வச்சேனுங்க. அம்மன் சத்தியமா வச்சேனுங்க."

"அப்ப அதுக்கு இன்னா, காலு மொளச்சி மலைக்கே போய்டுச்சா?"

அவர் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

ஊர்ப் பெரியவரான என் அப்பா, "யாரானா கட்டைய எடுத்ததப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் கட்டைமேலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் சித்தப்பா என் காலடியைப் பார்த்தார். அருகில் வந்து, என்னை இறக்கிவிட்டு, கட்டையைச் சாக்கடையில் உதைத்துத் தள்ளினார். "நீ வூட்டுக்குப் போ கண்ணு" என்றார். அவர் என்னைக் கண்ணு என்றது அதுவே முதல் முறை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு அன்பு என்று.

அடுத்த வருஷம் கட்டை போட்டவர்கள் சித்தப்பாவின் ஆட்கள். மலைக்காரர்கள் அதன்பின் திருவிழாவுக்கு இறங்கவே இல்லை.

தேர் உருண்ட அன்று, நான் வீட்டுக்குப் போகும் வழியில், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மலைப்பாதைக்குத் திரும்பிய அந்த மனிதர் என் எதிரே நின்றார்.

"ஒனக்கு அடி ஒண்ணும் படலியே தம்பி?"

இல்லை என்று தலையாட்டினேன். தெருவில் அத்தனை பிள்ளைகள் இருக்க, என்னை மட்டும் ஏன் கேட்டார் என்று யோசிக்கவில்லை. நல்லவேளை, அவருக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.