கூடுதலாக ஒரு மணி நேரம்

பஸ் டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள், அவரும் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பர் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கூண்டு, அதில் ஒரு ஜன்னல், ஒரு நோட்டு. எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவார். ஒரு டிரைவர் மூன்று நிமிஷம் பிந்தி வந்துவிட்டால் போதும், நாலு பேர் முன்னால் நிற்க வைத்து மானத்தை வாங்கிவிடுவார்.

அவர் மனைவியைக் குடியிருப்பில் கடிகாரத்தம்மா என்றார்கள். பாவம், அவள் கையில் கடிகாரமே கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. உருளை மெஷினில் ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தள்ளுகிறவர்கள் கையில் வளையலோ வாட்சோ இருக்கக்கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடும். சங்கு ஊதினால் வேலை தொடங்கும், ஊதினால் முடியும். வீட்டில் மணி கேட்க வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்பாள். முப்பது வருஷமாக அப்படித்தான்.

அவர் ரிட்டயர் ஆனதும் மகன் இருவரையும் ஐரோப்பாச் சுற்றுலாவுக்கு அனுப்பி வைத்தான். பன்னிரண்டு நாள், ஏழு ஊர், நாற்பது பேர், ஒரு பஸ். அவளுக்குக் கோட்டையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஏழாவது ஊரில் அவள் அக்கா இருந்தாள். பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. கிட்னி போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவைப் பார்ப்பதானால் இவள் போனால்தான் உண்டு. இந்த ஒரு பயணத்தை விட்டால் இன்னொன்று கிடைக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பார்க்காமலே திரும்பி வந்தாள்.

திரும்பும் விமானத்தில் அவள் அவரோடு பேசவில்லை. அவர் ஜன்னல் பக்கம், அவள் நடுவில், அந்தப் பக்கம் அதே சுற்றுலாவில் வந்த பல் டாக்டரம்மா. டாக்டரம்மா வாய் ஓயாத ஆள்.

"என்ன சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை மாதிரி வராது. ஒரு மணி நேரம் சும்மா கெடச்சுதே, நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினேன்."

"எது சும்மா கெடச்சுது?"

"கடிகாரத்தப் பின்னாடி தள்ளி வெச்சாங்கல்ல? இந்த நாட்டுல குளிர்காலம் வந்தா அப்படித்தானாம். ஒன்பது மணிய எட்டு மணி ஆக்கிடுவாங்க. முந்தின நாளு பஸ்ஸுல கைடு மைக்குல சொன்னானே, நீங்க தூங்கிட்டிருந்தீங்களா?"

தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவர் கடைசி வரிசையில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் வாட்சோ நம்ம ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. போகிற இடத்திலெல்லாம் முள்ளைத் திருகினால் வாட்ச் கெட்டுவிடுமாம். மனசுக்குள்ளேயே கழித்து இங்கே இத்தனை மணி என்பார், முதல் பதினொரு நாளும் அது பிசகவே இல்லை.

அவளுக்கு அக்கா ஊரில் கழித்த அந்தக் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கண்முன் வந்து நின்றது. காலையில் இருவரும் சாப்பிடப் போனால் சாப்பாட்டுக் கூடம் பூட்டிக் கிடந்தது. "சோம்பேறிப் பசங்க, ஒரு மணி நேரம் லேட்டு," என்று பல்லைக் கடித்தார். பஸ் லேட்டு, மியூசியம் லேட்டு. அவள் கண்ணில் ஒரு பொருளும் படவில்லை. அக்கா வீட்டுக்குப் போகும் நேரம் எப்போது வரும் என்றே நின்றாள். வெளியே வந்ததும் அவர் வாட்சைப் பார்த்துக் கழித்து, "மணி மூணு பத்து. நாலு மணிக்கு பஸ். டிராமுக்கு நிக்க, போக, வீடு தேட, திரும்ப வர... ஆகாது. நம்மால நாப்பது பேர் காத்துக் கெடக்கக் கூடாது," என்றார். கெஞ்சிப் பார்த்தாள். ரயில் ஸ்டேஷன் முன்னால் பஸ் வரும் இடத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, அதுவும் ஊர் நேரமே காட்டும் தன் பழைய பட்டன் போனைக் கொடுத்து, வரமுடியாது என்று அவள் வாயாலேயே அக்காவிடம் சொல்ல வைத்தார். சொல்லிவிட்டு அழுதாள்.

அப்போது மணி மூன்று பத்து இல்லை. இரண்டு பத்து. டிராமில் பத்து நிமிஷத்தில் அக்கா வீடு.

அவர் கணக்கில் நாலாகியும் பஸ் வரவில்லை. அவர் எழுந்து ஸ்டேஷனுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வந்தவர் ஏனோ ஸ்டேஷன் வாசலை அவளுக்கு மறைத்தாற்போல் பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தார், அதற்கப்புறம் பஸ்ஸைத் திட்டவே இல்லை. "ஏங்க, இன்னும் வரலியே?" என்று இரண்டு தடவை கேட்டாள். "வரும், வரும்," என்றார். டிப்போவில் மூன்று நிமிஷத்துக்குக் குதிக்கிற மனுஷன்!

விமானம் மாறும் ஊரில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா கடை பார்க்கப் போனதும் அவள் அவரிடம் கேட்டாள்.

"ஸ்டேஷனுக்குள்ள கடிகாரம் இருந்துதா?"

"எந்த ஸ்டேஷன்?"

"நடிக்காதீங்க. இருந்துதா, இல்லியா?"

அவர் காலுக்கடியில் இருந்த பையை நகர்த்தி வைத்தார். ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"இருந்துது."

"எத்தன காட்டுச்சு?"

"மூணு பத்து."

"அப்பவும் அம்பது நிமிஷம் இருந்துது. ஓடிப் போயி அக்கா மூஞ்சியப் பாத்துட்டு ஓடியாந்திருப்பேனே! ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ அப்பதான் அழுது முடிச்சிருந்த. கடிகாரம்னு பேரு வாங்கினவன் மணி தப்பாப் பாத்தான்னு பஸ்ஸுல நாப்பது பேரும் சிரிப்பாங்க. நீயே நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிக் காட்டுவ."

"என் அக்காவை விடவா உங்க பேரு பெருசு?"

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மணி தப்பாகப் பார்ப்பது யாருக்கும் நடக்கும், அதை மன்னித்திருப்பாள். ஐம்பது நிமிஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாரே, அதை என்னவென்று மன்னிப்பாள்?

வீடு வந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அக்காவின் போன் வந்துவிட்டது. அவர் பதறிப் பக்கத்தில் வந்தார். "பஸ் உடனே கெளம்பிடுச்சுன்னு சொல்லு," என்று கிசுகிசுத்தார். அவள் அவரை முறைத்துவிட்டு, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். எல்லாவற்றையும் அப்படியே போட்டு உடைத்துவிடுவது என்றுதான் இருந்தாள்.

"நல்லபடியா வந்து சேந்தியாடி?" அக்காவின் குரல் மெலிந்து போயிருந்தது. "அன்னிக்கு அழுதுட்டே வெச்சுட்ட. எனக்கு மனசே ஆறல."

"அக்கா, அது வந்து..."

"மாப்பிள்ளையத் திட்டினியா? திட்டாத. நேரத்துக்கு நடக்குற மனுஷன். அவரு மட்டும் கூட இல்லன்னா நீ பஸ்ஸ விட்டுட்டுத் தெரியாத ஊர்ல நின்னிருப்ப."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டினாரே, அந்தத் தலையை அவள் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது," என்றாள் அக்கா. "அன்னிக்கு டயாலிசிஸ் இல்லாத நாளு. குளிச்சு, நல்ல துணி மாத்திக்கிட்டு காலைல இருந்து தயாரா உக்காந்திருந்தேன். பஸ் நிக்கிற இடம் பக்கமா இருந்திருந்தா நானே டிராம் ஏறி வந்து உன்னப் பாத்திருப்பேன். கேக்குறதுக்குள்ள வெச்சுட்ட. எங்கடி நின்னுது உங்க பஸ்? பக்கமா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவருடைய பேர் போகும், போகட்டும். ஆனால் பத்து நிமிஷத் தூரத்தில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்தால், அக்கா இருக்கிற கொஞ்ச நாளையும் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பாள்.

"இல்லக்கா," என்றாள், அவர் முகத்தைப் பார்த்தபடி. "ரொம்ப தூரம்."