பாதாளத்தின் அரைப்பக்கம்

தன்னைத் திட்டிப் பாட்டுக் கட்டச் சொல்லி அவளே காசு கொடுத்தாளாம். என்னிடம் சொன்னவர் பக்க வடிவமைப்பாளர். அவருக்குச் சொன்னது விளம்பரப் பிரிவு. விளம்பரப் பிரிவுக்கு யார் சொன்னார்கள் என்று விசாரித்தால், "இதெல்லாம் யாராவது சொல்லணுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். பத்திரிகை அலுவலகத்தில் செய்தி இப்படித்தான் உறுதி செய்யப்படுகிறது.

வதந்தியின் நாயகி அப்போது என் பக்கத்து மேசையில், நாற்காலிமேல் காலை மடக்கி உட்கார்ந்து, விரல்களால் மேசையைத் தட்டி யாரோ ஒருவனுடைய எதுகைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அலுவலகம் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'பாதாளம்'. பெரிய கம்பெனிகளின் நிழல் படாத, யாருக்கும் தெரியாத 'அண்டர்கிரவுண்ட்' ராப் பாடகர்களைப் பற்றி மட்டுமே எழுதுவாள் என்பதால் அந்தப் பெயர். வாரம் ஒரு முறை அவளுக்கு அரைப்பக்கம். மீதி அரைப்பக்கம் கார் விமர்சனத்துக்கு. காருக்கு விளம்பரம் வருகிறது. பாதாளத்துக்கு வாசகர்கள் வருகிறார்களா என்பதே சந்தேகம்.

அவள் போகும் கச்சேரிகள் வாகன நிறுத்தத்தில் நடக்கும், மூடிப்போன துணிக்கடையின் கிடங்கில் நடக்கும். ஒரு தடவை லிஃப்ட் பழுதான கட்டடத்தின் மாடிப்படியிலும் நடந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் பாடகர்கள். மீதிப் பேர் அவர்களை வீட்டுக்கு இழுத்துப்போக வந்த காதலிகள். இதைத்தான் "திரண்டு நின்ற இளைஞர் கடல்" என்று எழுதுவாள். எனக்குப் பிழை திருத்துகிற வேலை. 'கடல்' என்பதில் எழுத்துப்பிழை இல்லையென்று விட்டுவிடுவேன்.

ஒரு பாடகனை யாரும் கேட்காதவரைதான் அவளுக்கு அவன்மேல் மரியாதை. அவன் பாட்டு எங்காவது முடிவெட்டும் கடையில் ஒலித்துவிட்டால் முகம் தொங்கிப்போகும்.

"போச்சுண்ணா. பையன் கெட்டுட்டான்."

"என்னம்மா, இப்பதானே நாலு பேர் கேக்கறாங்க?"

"அதத்தான் சொல்றேன்."

ஆனால் காது மட்டும் கறாரானது. ஒரு பாட்டை முதலில் நல்ல ஹெட்போனில் கேட்பாள். பிறகு, கண்ணாடி உடைந்த பழைய போனில். கடைசியாக, ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில். "பஸ் சத்தத்தையும் தாண்டி நிக்குதா? அப்ப அது பாட்டு." இந்தத் தேர்வில் அவள் அப்பாவின் சிநேகிதர் மகன் தோற்றிருக்கிறான், அவளைக் காதலிக்க வந்த ஒருவனும் தோற்றிருக்கிறான். பாட்டு விஷயத்தில் முகதாட்சண்யமே கிடையாது.

பாடுகிறவனின் வாழ்க்கை விஷயத்தில்தான் கொஞ்சம் தாராளம். அவளுடைய பத்தியில் எவனும் சும்மா பிறந்ததில்லை. ஒருவன் இருளில் பிறந்தான். இன்னொருவன் தெருவிளக்கின் கீழ் வளர்ந்தான். அவனுடைய அப்பா வைத்திருப்பது மின்சாமான் கடை.

கொக்கி என்ற பையன் பட்டினியில் பிறந்ததும் இப்படித்தான். பேட்டிக்கு மதியம் சாப்பிடாமல் வந்தவன், "அக்கா, பசிக்குது, சீக்கிரம் முடிங்க" என்றிருக்கிறான். இவளுக்கு அது போதாதா? 'பசி பெற்ற பிள்ளை' என்று தலைப்பிட்டு, வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு தூங்கிய ஒரு குழந்தைப் பருவத்தையே அவனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டாள்.

போன மாதம் கொக்கி பதில் மரியாதை செய்தான்.

"பசிக்குதுன்னேன், பத்தி எழுதுனா,
பட்டினில பொறந்தேன்னு பொய்ய எழுதுனா;
முந்நூறு பேருக்கு ஆக்கிப்போட்ட எங்கம்மா
பேப்பரப் படிச்சா... அடுப்ப அணைச்சா."

கொக்கியின் அம்மா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் தலைமைச் சமையல்காரி.

வேறு யாராவது என்றால் வக்கீலைத் தேடியிருப்பார்கள், அல்லது விடுப்புப் போட்டு வீட்டில் படுத்திருப்பார்கள். பாதாளம் அந்தப் பாட்டைப் பஸ்ஸில் கேட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அங்கிருந்து நடந்து, மூச்சிரைக்க வந்து என் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"'அடுப்ப'ங்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடறான் பாருங்கண்ணா. அந்த இடத்துல எவனும் விடமாட்டான். பயந்துடுவான்."

நான் தலையாட்டினேன். பாட்டு முடிந்தபிறகும் அவள் ஹெட்போனைத் திரும்ப வாங்கவில்லை.

"அம்மா என்ன வேல பாக்கறாங்கன்னு நான் கேக்கவே இல்லண்ணா."

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்து, தன்னைத் திட்டுகிற பாட்டைக் கேட்கவைக்கிறாள். இவளே காசு கொடுத்தாள் என்று பேசாமல் பின்னே என்ன பேசுவார்கள்?

இந்த வாரம் அவளுடைய அரைப்பக்கத்தில் ஆண்டின் சிறந்த பாட்டுகளின் வரிசை வர வேண்டும். ஆசிரியரின் அறைக் கதவு மூடியிருந்தாலும், அவர் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டல்ல.

"உன்னத் திட்டற பாட்ட நம்ம பேப்பர்லயே முதலிடத்துல போடுவியா? மண்டைல ஏதாவது இருக்கா?"

"அத விட நல்ல பாட்டு இல்ல சார்."

"போட்டா, அவன் எதுக்குத் திட்டறான்னும் எழுதணும். எழுதினா, நீ கத விட்டத நீயே ஒத்துக்கற. அப்புறம் அந்த அரைப்பக்கம் காருக்குப் போயிடும். என்னால தடுக்க முடியாதும்மா."

"ரெண்டாவதா இருக்கற பாட்டு இதுக்கு ரொம்ப தூரத்துல இருக்கு சார்."

"நான் என்ன பேசறேன், நீ என்ன பேசற?"

சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல் என்று அனுப்பிவிட்டார். பிழைக்க வந்த ஊரில் வேலை பார்ப்பவனுக்கு, யார் திட்டு வாங்கினாலும் அது தனக்கே விழுந்த மாதிரிதான் இருக்கும். சாயங்காலம்வரை அவள் மேசையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாவகாசமாக பிஸ்கட் தின்றுகொண்டு எழுதினாள்.

பக்கம் பிழை பார்க்க என்னிடம் வந்தது. கொக்கி முதலிடம். கடைசி வரிகள் இவை: "இந்தப் பாட்டில் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பது சரி. அந்தப் பசி நான் சேர்த்தது." நல்லெண்ணத்தோடு, 'நான்' என்பதற்குப் பிறகு 'தவறுதலாக' என்று ஒரு வார்த்தையைச் செருகினேன். எட்டிப் பார்த்தவள் அதை அடித்தாள்.

"தவறுதலா இல்லண்ணா. எழுதறப்ப நல்லாருந்துச்சு. அதான்."

பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. சற்று நேரத்தில் கார் விமர்சகர் வடிவமைப்பாளரிடம் வந்து, அகலமான படங்கள் சில கைவசம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப அடக்கமான மனிதர்.

கொக்கி இவளுடைய எண்ணைத் தன் போனில் பிளாக் செய்து வைத்திருக்கிறான். ஆகவே மேசைத் தொலைபேசியை இழுத்து, அந்தத் தொழிற்சாலையின் பொது எண்ணுக்கு அடித்தாள்.

"கேண்டீன் சமையல்கட்டுக்குக் குடுங்க. ஆமா, பெரிய சமையல்காரம்மா இருப்பாங்களே, அவங்களுக்குத்தான்... நானா? பேப்பர்லேர்ந்து." பேப்பர் என்றால் அந்த அம்மா எடுக்கமாட்டார் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். "பரவால்ல, பேப்பர்லேர்ந்துன்னே சொல்லுங்க."

அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் நாற்காலியிலிருந்து காலை இறக்கி எழுந்து நின்றாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வெளியே தொங்கிய சட்டையை இரண்டு கையாலும் பேண்டுக்குள் செருகினாள். பிறகு கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.